மேகலா குழந்தை

6 மே 2013, திங்கள்

இன்று வேலைக்குத் திரும்பிவிட்டேன். என்னைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இன்னும் ரெண்டு மாசம் லீவு இருக்குதே மேகலா, எதுக்கு இப்ப வந்தே?" என்றார். வீட்டில் இருந்து என்ன செய்ய? தொட்டில் கட்டிய கொக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருக்கவா? அதைச் சொல்லவில்லை. "சும்மா உக்காந்திருக்க முடியலைங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெண் குழந்தை. ஏப்ரல் 3 பிறந்தது. ஏப்ரல் 22 போய்விட்டது. பத்தொன்பது நாள். இதை ஒரு தடவை எழுதிவிட்டால் தீர்ந்தது, அப்புறம் எழுத வேண்டாம் என்றுதான் மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். எழுதிவிட்டேன்.

அவர் போன வியாழக்கிழமையே ரிக் வண்டியோடு கிளம்பிவிட்டார். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்காரனைக் கட்டிக்கொண்டவளுக்கு இது புதிதல்ல. இந்த முறை சத்தீஸ்கர். "போகட்டுமா?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துணைக்கு இருந்த அம்மாவையும் நேற்று ஊருக்கு அனுப்பிவிட்டேன். யாராவது பக்கத்தில் இருந்தால் எரிச்சல்தான் வருகிறது.

கிளினிக்கில் எல்லாம் வைத்தது வைத்தபடி. கம்ப்யூட்டரைப் போட்டதும் வழக்கம்போல அந்த ஜன்னல் திரை நடுவில் வந்து குந்திக்கொண்டது. "இன்றைய தடுப்பூசி". மேலே இன்று ஊசிக்கு வரவேண்டிய குழந்தைகளின் பட்டியல், கீழே வரும் பத்து நாளுக்கு உரியவர்கள். பெயர் வைக்காத குழந்தை என்றால் அம்மா பெயர்தான் நிற்கும்: கோமதி குழந்தை, ஷாகிரா குழந்தை என்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக். வேண்டாதவர்களுக்கு டிக்கை எடுத்துவிட்டு "அனுப்பு" என்பதை அமுக்கினால் இன்றைக்கு உரியவர்களின் போனுக்கு மெசேஜ் போய்விடும். மூன்று வருஷமாகக் காலையில் நான் செய்யும் முதல் வேலை இது.

மேல் பட்டியலை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டேன். கீழே பார்க்கவில்லை.

7 மே, செவ்வாய்

அந்த ஜன்னல் பெரிய தொல்லை. டோக்கன் போடும் இடத்தை அப்படியே மறைத்துக்கொள்கிறது. கவுன்டருக்கு வெளியே நிற்பவர்கள் எட்டிப் பார்த்து அடுத்த வீட்டுக் குழந்தைக்கு என்ன ஊசி என்று படிக்கிறார்கள். இது நன்றாகவா இருக்கிறது? மூன்று வருஷமாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

8 மே, புதன்

கீழ்ப் பட்டியலில் ஏழாவது வரி. மேகலா குழந்தை, 15.05. ஆறாம் வாரத்து ஊசி.

அதை நிறுத்துவது ஒன்றும் பெரிய வேலையில்லை. பதிவைத் திறந்து "நிலை" என்ற கட்டத்தில் அமுக்கினால் மூன்று வார்த்தை வரும்: நடப்பு, ஊர் மாற்றம், இறப்பு. அதில் ஒன்றைத் தொட வேண்டும். மற்றவர்கள் குழந்தைகளுக்கு நான் தொட்டிருக்கிறேன், இரண்டு தடவை.

திறந்தேன். மூடிவிட்டேன். டோக்கனுக்குக் கூட்டம் நின்றது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

மத்தியானம் ஈரோட்டுக்குப் போன் போட்டேன். இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்த ஈஸ்வரமூர்த்தி சார் அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். டாக்டரம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். "காலையில தொறக்கறப்ப அந்த ஜன்னல் வரக்கூடாதுங்க சார்" என்றேன்.

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"ஆமாங்க." சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

"வர வேண்டாம்ன்னா, மூடிடணுமா, மறைச்சிடணுமா? ரெண்டும் வேற வேறயுங்க."

"என்ன எழவோ சார், கண்ணுல படக்கூடாது. அவ்வளவுதான்."

சிரித்தார். ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு ஃபைலைத் திறக்கச் சொன்னார். ஆரம்பத்தில் தானாக ஓடும் கட்டளை எங்கே இருக்கிறது, அதில் ஜன்னல் திறக்கும் வரிக்கு நேரே "சாதாரணம்" என்றிருப்பதை "மறைவு" என்று எப்படி மாற்றுவது, எல்லாம் பொறுமையாகச் சொன்னார். "இன்னொண்ணும் இருக்குதுங்க, அந்த ஜன்னல்ல நான் ஒரு..." என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் ஒரு குழந்தை கவுன்டர் மேலேயே வாந்தி எடுத்துவிட்டது. "அப்புறம் பேசறனுங்க சார்" என்று வைத்துவிட்டேன்.

9 மே, வியாழன்

போட்டேன். வரவில்லை. நேராக டோக்கன் பக்கம் வந்தது. அப்பாடா.

இனி ஊசிக்கு உரியவர்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போட்டுச் சொல்லப் போகிறேன். மனுசர் வாயால் கூப்பிடுவது மெசேஜைவிட மேல் என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உனக்கு வேலை அதிகமாயிடுமே" என்றார். ஆகட்டும் என்றேன்.

12 மே, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆவதில்லை. துணி ஊறவைத்தேன், துவைத்தேன். பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். மத்தியானம் ஒரு மணிக்குள் வேலை முடிந்துவிட்டது. இத்தனை சின்ன வீடாக ஏன் பிடித்தோமோ.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. உடம்பு லேசாகச் சுட்டது. "நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்டயே போயிடலாம்" என்றார் அவர். திங்கள் விடியும்போது கை கால் சில்லிட்டுவிட்டது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

15 மே, புதன்

நல்ல கூட்டம். எழுபத்திரண்டு டோக்கன்.

சாயந்தரம் அவர் போன் செய்தார். நன்றாக இருக்கிறாயா, நன்றாக இருக்கிறேன், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். பிறகு கேட்டார்: "நீ எங்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா, மேகலா?"

"ஒண்ணுமில்லைங்க."

"நெசமாவா?"

"என்ன சொல்லச் சொல்றீங்க?"

"செரி" என்று வைத்துவிட்டார். இன்று என்ன நாள் என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது? ஆம்பிளைகளுக்கு ஆறாம் வாரமும் கிடையாது, ஏழாம் வாரமும் கிடையாது.

20 மே, திங்கள்

இன்று பதினோரு பேருக்குப் போன் போட்டேன். நாலு பேர், "மெசேஜ் பாத்தமுங்க, வந்துர்றோம்" என்றார்கள். எந்த மெசேஜோ. பழசாக இருக்கும். இந்தக் காலத்தில் போனுக்கு நூறு மெசேஜ் வருகிறது, எது எதிலிருந்து வந்தது என்று யார் பார்க்கிறார்கள்?

2 ஜூன், ஞாயிறு

அவர் போன் செய்து பதினெட்டு நாள் ஆகிறது. நானும் செய்யவில்லை. நான் ஏன் செய்ய வேண்டும்? வீட்டை விட்டுப் போனது நானா?

கல்யாணமான புதிதில் எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று தினம் சொல்லுவார். பாறை வந்தால் பாறை, சேறு வந்தால் சேறு. "நானூறு அடி புழுதிதான் மேகலா, கண்ணெல்லாம் புழுதி" என்பார். தண்ணீர் பீறிட்டால் அந்தச் சத்தத்தைப் போனில் கேட்க வைப்பார். "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவார். எனக்குக் கரகரவென்று ஏதோ இரைச்சல்தான் கேட்கும். கேட்கிறது என்பேன்.

12 ஜூன், புதன்

பத்தாம் வாரம். தலைவலி.

13 ஜூன், வியாழன்

சரசு அக்கா இன்று பிடித்துக்கொண்டார். இந்தக் கிளினிக் நர்ஸ். குழந்தைகளுக்கு வலிக்காமல் ஊசி போடத் தெரிந்தவர், பெரியவர்களுக்குத்தான் வலிக்க வலிக்கப் போடுவார். ஊசி டப்பாவைக் கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பற்றி ஆரம்பித்தார்.

"பூபதி பேசறாரா?"

"வேலையா இருப்பாருங்க."

"நீ பேசறியா?"

டோக்கன் கட்டை எடுத்து அடுக்கினேன்.

"இதா பாரு புள்ள, அந்த மனுசன் பத்தாம் நாளு இங்க வந்து கொழந்தையப் பதிஞ்சப்ப நானுந்தான் பாத்தேன். எம்பட புள்ள, எம்பட புள்ளன்னு ஊசிக்கு வந்த சனத்துக்கெல்லாம் முட்டாய் குடுத்தாரு. அவருக்கு மட்டும் ஒண்ணுமில்லைன்னு நீ நெனச்சுக்கிட்டயா?"

"நான் அவரை ஒண்ணும் சொல்லலையேங்க்கா."

"அதான் சொல்றேன். ஒண்ணும் சொல்லாம இருக்கறதே பெரிய சொல்லு." டப்பாவை டக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கோபமாக வந்தது. பேசுவதற்கு யாருக்குத்தான் வாய் இல்லை?

30 ஜூன், ஞாயிறு

வடக்கே மழை பிடித்துவிட்டதாம். மழை பிடித்தால் அங்கே போர் போட முடியாது, வண்டிகள் ஊர் திரும்பும். எதிர் வீதியில் ரிக் டிரைவர் பெண்டாட்டி வாசல் கழுவிக் கோலம் போட்டு வைத்திருக்கிறாள், இன்றைக்கே வந்துவிடுவார்போல. நானும் ஒட்டடை அடித்தேன். ஒட்டடை இருந்தது, அடித்தேன். வேறு காரணமில்லை.

அவருக்குப் பிடிக்கும் என்று கொள்ளு வாங்கி வைத்தேன். இதற்கும் காரணமில்லை என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வரும்.

10 ஜூலை, புதன்

பதினான்காம் வாரம். அறுபத்தெட்டு டோக்கன்.

15 ஜூலை, திங்கள்

வண்டி வந்துவிட்டது. அவர் வரவில்லை.

மேனேஜர் நல்லுசாமி அண்ணன் நேரே கிளினிக்குக்கே வந்தார். அவர்தான் அந்த ரிக்குக்கு எல்லாம். ஊசிக்கு வந்த குழந்தைகள் நடுவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூச்சமாக நின்றார். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"பூபதி வேற வண்டிக்கு மாறிட்டானுங்க அம்மிணி. ராஜஸ்தான் போற வண்டி. அங்க மழையும் கெடையாது, மண்ணும் கெடையாது, வருசம் பூரா ஓட்டம்தான். வேண்டாம்டா, ஊட்டுக்கு ஒருக்கா போயிட்டு அப்பறம் போடான்னு எத்தனையோ சொன்னேன். கேக்கலை."

"எப்பங்க போனாரு?"

"சனிக்கெழமை. அதுக்கு முன்னாடி மூணு நாளு சோறு இல்லை, தூக்கம் இல்லை, போனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தான்." தயங்கினார். "நான் கேக்கக் கூடாது. ஊட்டு விசயம். ஆனா நீ அவனுக்கு அப்புடி என்னதான் அம்மிணி மெசேஜ் அனுப்பறே? வந்துச்சுன்னா ஒரு வாரத்துக்குப் பேச்சு மூச்சு இல்லாமப் போயிர்றான். எங்கிட்டயும் காட்ட மாட்டீங்கறான். 'மேகலா அனுப்பிச்சிருக்கா'ங்கறதோட செரி."

"நான் ஒரு மெசேஜும் அனுப்பலைங்களே அண்ணா."

அவர் என்னை நம்பவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

16 ஜூலை, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு டோக்கன் போடாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னல் ஒன்றும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து, மெசேஜ் அனுப்புவதற்காகக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டாங்கிளில் பச்சை விளக்கு மினுக்கியது. மெசேஜ் போனால்தான் அது அப்படி மினுக்கும். நான் எதையும் தொடவில்லை.

ஈஸ்வரமூர்த்தி சாரைக் கூப்பிட்டேன்.

"ஆமாங்க, போகும்" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க வெச்சுட்டீங்க. உங்களுக்கு முன்னால இருந்த பொண்ணு அனுப்பற பட்டனை அமுத்தவே மறந்துரும். அதனால, ஜன்னல் தொறந்து கால் மணி நேரம் யாரும் தொடலைன்னா, டிக் இருக்கற அத்தனை பேருக்கும் தானாப் போயிர்ற மாதிரி வெச்சிருக்கேன்."

"ஆனா ஜன்னலே வரலையே சார். நாந்தான் எடுத்துட்டேனே."

"எடுக்கலைங்க, மறைச்சிருக்கீங்க. மூடினாத்தான் நிக்கும். மறைச்சா நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உள்ள அது தொறந்துதான் இருக்கும், அது வேலையை அது பாத்துட்டுத்தான் இருக்கும்."

தினமும் காலையில் ஐந்து நிமிஷத்துக்குள் அமுக்கிவிடுகிறவளுக்கு இந்தக் கால் மணி நேரக் கதை எப்படித் தெரியும்?

எங்கள் குழந்தையின் பதிவைத் திறந்தேன். போன் நம்பர் கட்டத்தில் அவர் நம்பர். பதியப் போனது அவர்தானே. அனுப்பியவை என்ற பட்டியலில் மூன்று வரி. மே 15. ஜூன் 12. ஜூலை 10. மூன்றும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மூன்றிலும் ஒரே வாசகம், மூன்று வருஷத்துக்கு முன் நானே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தது:

"மேகலா குழந்தைக்கு இன்று தடுப்பூசி நாள். தவறாமல் அழைத்து வரவும். காத்திருக்கிறோம்."

என் பெயர் போட்டு, நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து, நான் தினம் உட்காரும் கம்ப்யூட்டரிலிருந்து. தவறாமல் அழைத்து வரவும்! அந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போகாத மனுசனுக்கு. ஐயோ, அந்த வெயிலில், ரிக் மேலே நின்றுகொண்டு, இதை அவர் எப்படிப் படித்திருப்பார்?

போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். இருபது தடவை போட்டிருப்பேன்.

அப்புறம்தான் தோன்றியது. டாங்கிளுக்குள் இருப்பதும் ஒரு சிம்தானே. அதற்குப் பதில் அனுப்பினால் எங்கே போகும்? அதற்கு வரும் மெசேஜ் பெட்டியை நாங்கள் யாரும் திறந்ததே இல்லை. திறந்தேன். இருநூற்றுச் சொச்சம் மெசேஜ் படிக்காமல் கிடந்தது. "சரிங்க." "டாக்டர் இருக்காங்களா?" "யார் நீங்க?" "நாளைக்கு வந்தா ஆகாதா?" "குட் மார்னிங்." அதற்கு நடுவில் அவர் நம்பர். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்திருக்கிறார், அவருக்கு அப்படித்தான் வரும்.

மே 15: "மேகலா நீயா அனுப்பினே?"

ஜூன் 12, காலை: "என் தப்புதான். அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். இப்படிச் சொல்லிக் காட்டாத மேகலா."

ஜூன் 12, மத்தியானம்: "இல்ல. சொல்லிக் காட்டு. பேசாம இருக்கறதுக்கு இது தேவலை."

ஜூலை 10: "கூட்டிட்டு வர புள்ள இல்ல. நான் மட்டும் வரட்டுமா?"

ஜூலை 11: "வரட்டுமா?"

ஜூலை 13: "செரி."

சனிக்கிழமை. அன்றைக்குத்தான் வண்டி மாறியிருக்கிறார்.

17 ஜூலை, புதன்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னதாகப் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். குழந்தையைப் பறிகொடுத்த வேறு யாராவது வீட்டுக்கு இப்படிப் போயிருக்கிறதா என்று முதலில் கேட்டார். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு பெயராக நேற்றே பார்த்துவிட்டேன், இல்லை. அந்த மட்டும் கடவுள் காப்பாற்றினார். "நெலையை நான் மாத்திடட்டுமா, மேகலா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. நானே பண்றேன்."

பண்ணினேன். மூன்றாவது வார்த்தை. சரசு அக்கா பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டர், "மாற்றத்தைச் சேமிக்கவா?" என்று கேட்டது. இதை வேறு கேட்கிறது. ஆம் என்று அமுக்கினேன். மறைவு என்றிருந்ததையும் சாதாரணம் என்று மாற்றி வைத்துவிட்டேன். டோக்கன் போட வந்தவர்கள் எல்லாம் பார்க்க உட்கார்ந்து அழுதேன். ஒரு அம்மா தன் டோக்கனைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார்.

இன்னொன்று எழுத வேண்டும். மே 12-ஆம் தேதி எழுதியது முழுசு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்பு சுடுதே, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாமா?" என்று முதலில் கேட்டது அவர்தான். சட்டையைக்கூட மாட்டிவிட்டார். "அங்க போனா நாலு பேரு கை படும். நான் பாக்காத கொழந்தைகளா? நாளைக்கு டாக்டரம்மா இருப்பாங்க" என்றவள் நான். மூன்று வருஷம் குழந்தைகள் கிளினிக்கில் குப்பை கொட்டியவள் சொல்கிறாளே என்றுதான், "செரி, நாளைக்குக் காலையில டாக்டரம்மாகிட்டயே போயிடலாம்" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மூன்று மாசமாக எனக்குள் அவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன். அவரோ என் தப்புதான், என் தப்புதான் என்று ஒரு டாங்கிளுக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். என்ன பெண்பிள்ளை நான்.

போன் இன்றும் ஸ்விட்ச் ஆஃப்.

18 ஜூலை, வியாழன்

நல்லுசாமி அண்ணன் வீட்டுக்குக் காலையிலேயே போய் நின்றேன். அவர் நாலு பேருக்குப் போன் போட்டு, ராஜஸ்தான் வண்டி மேனேஜர் நம்பரை வாங்கிக் கொடுத்தார். ஜோத்பூருக்கு அப்பால் ஏதோ ஒரு ஊரில் போர் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். கிளினிக்கின் பின்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். அந்த மேனேஜர், "ஏப்பா பூபதி, ஊட்லிருந்து" என்று கத்தியது கேட்டது. ரிக் இன்ஜின் இரைச்சல். அப்புறம் அவர் மூச்சு.

"ஏனுங்க, நாந்தான்" என்றேன்.

"ம்."

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவில்லை. ஜன்னல், மறைவு, கால் மணி நேரம், டாங்கிள் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். நான் அனுப்பவே இல்லைங்க, அது தானாகப் போயிருக்குங்க, நீங்க பதில் போட்டதே முந்தாநாள்தான் தெரியுங்க, சாமி சத்தியமாக உங்களைக் குத்திக் காட்ட அனுப்பலைங்க என்று சொல்லிக்கொண்டே போனேன். இதைக் கேட்டால் அவருக்கு மனசு ஆறும் என்று நினைத்தேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"அப்ப மூணும் மிசின் அனுப்பினதா?"

"ஆமாங்க."

"காத்திருக்கிறோம்னு வந்துச்சே. அதுவும் மிசினா?"

"ஆமாங்க."

"அப்ப நீ என்னயக் கூப்பிடவே இல்லியா, மேகலா?"

நான் திட்டுகிறேன் என்று நினைத்தும்கூட, அந்த மெசேஜைக் கையில் வைத்துக்கொண்டு, இவள் கூப்பிடுகிறாள் என்று உட்கார்ந்திருக்கிறார். இல்லைதான். மூன்று மாசத்தில் ஒரு தடவைகூட நான் கூப்பிடவில்லை. போகட்டுமா என்று அவர் கேட்டபோது இருங்கள் என்று சொல்லவில்லை. போன் போட்டு வாங்கள் என்று சொல்லவில்லை.

"இல்லைங்க" என்றேன். "கூப்பிடலை. தப்பு எம்மேலதான். அன்னைக்குப் போலாமான்னு சட்டை மாட்டுனது நீங்க. வேண்டாம்ன்னது நானு. அதை உங்க தலையில வெச்சுட்டு நான் சும்மா இருந்துட்டேன்."

"நீயா வேண்டாம்ன்னே? எனக்கு அதெல்லாம் ஞாபகமில்லை" என்றார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியாதா அந்தக் குரல்?

"இப்பக் கூப்பிடறனுங்க. நானே, எம்பட வாயாலயே. ஊட்டுக்கு வாங்க."

அப்போதுதான் அழுதார். குழந்தையைத் துணியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போன அன்றுகூட அழாத மனுசன். விக்கி விக்கி, சின்னப் பிள்ளை மாதிரி. அந்தப் பக்கம் யாரோ, "பூபதி, கம்பி மாத்தணும், வாப்பா" என்று கூப்பிட்டார்கள். இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. நானும் போனை வைக்கவில்லை.